நீலத்துணி சுற்றிய ஹெட்போன்

தோட்டத்துத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய வருடம் அது. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, இன்னும் ஏழு வாரம். சனிக்கிழமை வந்தால் மலாக்காவில் ஏதாவது ஒரு பங்களா வாசலில் லேலோங் நடக்கும். ஏலக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று கட்டிலையும் ஐஸ்பெட்டியையும் பியானோவையும் கூவிக் கூவி விற்பார். கூட்டம் கலையும்போது யாரும் கேட்காத ஒரு மரப்பெட்டி மிஞ்சும். உள்ளே பழைய வயர், உடைந்த வால்வு, கரையான் தின்ற புத்தகம். அதற்காகத்தான் ராஜரத்தினம் போவான்.

அன்றைக்கு அந்தப் பெட்டியின் அடியில், ஒரு கிழிந்த காலுறைக்குள், அவன் தேடியது இருந்தது. அலுமினிய ஹெட்போன் ஒரு சோடி. லண்டனில் செய்தது. ரேடியோ என்றாலே காதில் மாட்டிக்கொண்டு கேட்பதுதான் என்றிருந்த காலத்துச் சாமான். ஒவ்வொரு கிண்ணத்தின் முதுகிலும் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. மெல்லத் திருகினால் உள்ளே ஒரு மெல்லிய தகடு காந்தத்துக்கு அருகில் போகும். நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஒரு மயிரிழை கூடிவிட்டால் தகடு ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிடும். ஒட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தத் தெரிந்தவன் கையில்தான் அது பாடும்.

தெங்கேராவில் அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் வேலைமேசை. மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணியடித்துப் பதினொரு சோடி ஹெட்போன் தொங்கின. மெர்டேக்காவை ரேடியோவில் கேட்கவேண்டுமென்று ஊரே பழுதான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த நேரம். தரையில் கால் வைக்க இடமில்லை.

"இந்த வாரமும் காதுச்சட்டிதானா?" என்றாள் அக்கா தெய்வானை. வெங்காயம் உரித்த கையோடு வந்து நின்றாள். கணவர் போனபிறகு தம்பியோடு வந்து தங்கிப் பத்து வருடமாகிறது. ஹெட்போனுக்குக் காதுச்சட்டி என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

"இது வேற அக்கா. இதுல வயலின் கேட்டா, வில்லுத் திரும்புற எடம் தெரியும்."

"அதையேதான் போன மாசம் கறுப்புச்சட்டிக்கும் சொன்ன."

"கறுப்புக்கு அப்படிச் சொல்லலியே. அது கப்பல் தந்திக்காரனோடது. பேச்சுக்குத்தான் நல்லா இருக்கும். பாட்டு மூக்கடைச்ச மாதிரி வரும்." அவன் சுவரைக் காட்டினான். "அந்தப் பழுப்புச் சோடி இருக்கு பாரு, உள்ளே அபிரகத் தகடு. ஜலதரங்கம் வாசிச்சா கிண்ணத்து விளிம்புவரைக்கும் கேக்கும். கடைசியில தொங்குறது பட்டாளத்துச் சாமான். கீழ போட்டாலும் ஒடையாது, மேல போட்டாலும் பாடாது."

"ஒவ்வொண்ணுக்கும் ஜாதகம் எழுதி வச்சிருக்க. முப்பத்தெட்டு வயசாச்சு, ஒனக்கு ஒரு ஜாதகம் பாக்க முடியல." தெய்வானை நாற்காலியிலிருந்த ரேடியோவைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். "நான் காஜா பெராங் போயிட்டு வந்தேன்."

ராஜரத்தினம் கையிலிருந்ததை மேசைமேல் வைத்தான்.

"ரவிக்கை வாங்கத்தான் போனேன். அப்படியே காமாட்சியம்மாகிட்ட வாய்விட்டுப் பொண்ணு கேட்டுட்டேன். எத்தனை நாளைக்கு அவ தச்சுக் குடுக்கிறதும், நான் அளவு சரியில்லன்னு நடக்கிறதும்? பாக்கியம் அங்கேயேதான் இருந்தா. ஊசியில நூல் கோக்கிறமாதிரி குனிஞ்சுக்கிட்டா. மாட்டேன்னு சொல்லல."

"அவங்க அம்மா?"

"வெள்ளிக்கிழமை அவங்க வீட்டுல பார்ச்சு. செத்தவங்களுக்கு எலை போட்டு, உத்தரவு கேட்டுட்டுப் பதில் சொல்றேன்னாங்க. சங்கரனுக்கும் எலை உண்டுல்ல, அவன்கிட்டயும் கேக்கணுமாம்." தெய்வானை சிரித்தாள். "அவன் ஒன் கூட்டாளி. அவனா வேணாங்கப் போறான்?"

அவன் மேசைமேல் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டினான்.

"ஆங், மறந்துட்டேன். பாக்கியம் ஒண்ணு கேட்டா. எலைக்குப் பக்கத்துல, போனவங்களுக்குப் புடிச்ச சாமானையும் வைப்பாங்களாம். மத்தவங்களுக்கு வெத்தல, சுருட்டு. அண்ணனுக்கு ஹெட்போன் வைக்க ஆசையாம். 'அவர் கடல்ல போட்டது போட்டதுதான், அதே மாதிரி ஒண்ணு ஒரு நாளைக்குக் குடுப்பாரா'ன்னு கேட்டா. பாரு, நீ இப்பத்தான் ஒண்ணு கொண்டுவந்திருக்க."

தெய்வானை எழுந்து அடுப்படிக்குப் போனாள். ராஜரத்தினம் அலமாரியைப் பார்த்தான். அதன் மேல்தட்டில், மடித்த போர்வைக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவனிடம் இருந்தது சுவரில் தொங்கிய பதினொரு சோடி மட்டுமல்ல.

*

ஜப்பான்காரன் காலத்தில் அவனுக்கு இருபத்துநாலு வயது. ரேடியோ கடையில் வேலை. ஊரிலுள்ள ரேடியோக்களை எல்லாம் பதிவு செய்து, வெளியூர்ச் செய்தி பிடிக்கும் சுருளைப் பிடுங்கவேண்டும் என்பது உத்தரவு. பிடுங்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. காஜா பெராங்கில், தலைமுறையாக மலாய் பேசும் செட்டிமார் குடியிருக்கும் கம்போங்கில், சங்கரன் வீட்டு ரேடியோவிலும் அவன்தான் பிடுங்கினான். பிடுங்கிய சுருளைச் சங்கரனிடமே கொடுத்துவிட்டு வந்தான். அப்படித்தான் இருவரும் கூட்டாளியானார்கள்.

சங்கரன் பரணில் அந்தச் சுருளை வைத்து ஒரு சின்ன ரேடியோ செட்டைச் சேர்த்துப் பூட்டி டெல்லியும் லண்டனும் கேட்டான். சத்தம் வெளியே போகாமலிருக்க ஹெட்போன். ஒரு துரையிடம் கார் ஓட்டிய காலத்தில் அவனுக்குக் கிடைத்தது அது, அலுமினியம், முதுகில் திருகாணி. தலைப்பட்டைக் கம்பி நெற்றியை அழுத்தியதால் தங்கை பாக்கியம் தன்னுடைய பழைய கெபாயாவிலிருந்து நீலத்துணி வெட்டி அதைச் சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் அதன் இடது பக்கம் செத்துப்போயிற்று. சங்கரன் அதை ஒரு சோற்றுச் சட்டிக்குள் வைத்து ராஜரத்தினத்திடம் கொண்டுவந்தான். உள்ளே மயிரைவிட மெல்லிய செப்புக்கம்பி ஓரிடத்தில் விட்டிருந்தது. ஒரு மணி நேர வேலை. பற்றவைத்துவிட்டு, வயரின் ஒரு முனையை உதட்டில் கவ்விக்கொண்டு, மறு முனையைக் கையிலிருந்த இரும்புச் சாவியில் தொட்டான். நல்ல ஹெட்போனாக இருந்தால், எச்சிலும் இரும்பும் சேர்ந்து பிறக்கும் அந்த அற்ப மின்சாரத்துக்கே சத்தம் எழும். இடது காதில் 'டிக்' என்றது. ஈரமான, சுத்தமான ஒரு டிக். வேலை முடிந்தது.

முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கவேண்டும். அன்று சாயங்காலம் அதைக் கடை ரேடியோவில் மாட்டிப் பார்த்தான். சிங்கப்பூர் நிலையத்தில் தமிழ் நேரம், யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். திருகாணியை ஒரு மயிரிழை திருகினான். அதுவரை பெட்டிக்குள்ளிருந்து வந்த வயலின், பெட்டியை விட்டு இறங்கி அவன் இரண்டு காதுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. வில் கீழே இறங்கி மேலே திரும்பும் இடத்தில் வாசிக்கிறவர் மூச்சு வாங்குவது கேட்டது. வெளியே தெருவில் அரிசிக்கு வரிசை நின்ற காலம். அவனுக்கு அரை மணி நேரம் பசிக்கவில்லை.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படித்தான் நினைத்தான். ஐந்தாம் நாள் பாக்கியம் கடை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது இருபது வயது. உள்ளே வராமல், கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மலாய் கலந்து கேட்டாள்.

"அண்ணே கேட்டாங்க. சியாப்பா?"

ஆகிவிட்டதா என்று கேட்கிறாள். மேசை இழுப்பறைக்குள், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், அது இருந்தது.

"பெலும்," என்றான். இன்னும் ஆகவில்லை. "கம்பி வரணும். அடுத்த வாரம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்கு மூன்றாம் நாள் பட்டப்பகலில் ஜப்பான்காரர்கள் சங்கரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹெட்போன் இல்லாததால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துக் கேட்டிருக்கிறான். தலையணை போதவில்லை. தெருவோடு போன எவனோ காதுகொடுத்துவிட்டான். சங்கரன் திரும்பி வரவேயில்லை.

அடுத்த வாரம் காமாட்சியம்மா ஆள் விட்டுக் கேட்டபோது, பயந்துபோய் ஹெட்போனைத் தெங்கேராக் கடலில் எறிந்துவிட்டதாக ராஜரத்தினம் சொன்னான். "நல்லதாப் போச்சு. அந்தப் பிள்ளையாவது தப்பிக்கட்டும்," என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினாள். அந்தச் சொல் இன்றைக்கும் அவன் சோற்றில் கல்லாக வந்து அகப்படும்.

சண்டை முடிந்தபின் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். ஓடு மாற்ற, லைட்டு பூட்ட, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட. கடனைத் தீர்ப்பதாகத்தான் முதலில் நினைத்துக்கொண்டான். பாக்கியம் தரும் கோப்பியின் சூடு, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் பேசும் பேச்சு, தமிழும் மலாயும் கலந்து அவள் போடும் சண்டை, இதெல்லாம் எப்போது வேறு கணக்கில் சேர்ந்தது என்று அவனுக்கே தெரியாது. பிஸ்கட் டின்னை மாதம் ஒருமுறை கற்பூரம் மாற்றத் திறப்பான். பூஞ்சை பிடித்துவிடக்கூடாது. பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட உள்ளேயிருந்த ஹெட்போனைக் காதில் வைக்கவில்லை. அதே மாதிரி இன்னொன்று கிடைத்தால் சுவரில் மாட்டி, ஒளிக்காமல் கேட்கலாமே என்றுதான் லேலோங் லேலோங்காக அலைந்தான்.

*

லேலோங்கில் கிடைத்த சோடியை நான்கு நாள் துடைத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு காஜா பெராங் போனான்.

கதவு நிலையில் புது மாவிலை கட்டியிருந்தது. கூடம் முழுக்கப் பழ வாசனை. மூலையில் கூடைகளில் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் அன்னாசியும் குவிந்திருந்தன. டுரியானைப் பின்வாசலில் வைத்திருந்தும் அது யாரையும் விடவில்லை. காமாட்சியம்மா பாயில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா ரத்தினம். எங்க, தெய்வானை வரலியா? அவ வந்தா இன்னும் ரெண்டு ரவிக்கைக்கு அளவு சொல்வாளே."

"நாளைக்கு வரச் சொல்றேன்மா."

பாக்கியம் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். ஹெட்போனை இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். திருகாணியை விரலால் தொட்டாள்.

"அதே மாதிரிதான்," என்றாள். "அண்ணேயோடதுல நீலத்துணி இருக்கும். நான் தச்சது. பரவாயில்ல, ராத்திரிக்குள்ள இதுலயும் ஒரு துண்டு சுத்திடுறேன். கழட்டிக் குடுத்திடுவேன், பயப்படாதீங்க."

"கழட்டவேணாம். நீயே வச்சுக்கோ."

"ஒங்க சுவத்துல இருந்து ஒண்ணக் குறைச்சா அக்கா எனக்குக் காப்பு செஞ்சு போடுவாங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, மாக் என்று அவள் கூப்பிடும் அம்மாவுக்குக் கேட்காத குரலில், அவனைப் பின்வாசலுக்கு வரச் சொன்னாள். கிணற்றடியில் நின்று, கையிலிருந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டியும் பிரித்தும் கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மாக் ஒங்களுக்குப் பதில் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. எனக்குக் கோவம் வராது."

"என்ன?"

"அன்னைக்கு நான் ஒங்க கடைக்கு வந்தேன்ல. அண்ணே என்கிட்டச் சொல்லிவிட்டது, 'சியாப் தா சியாப், அம்பில் பாலெக்'."

ஆகியிருந்தாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, திரும்ப வாங்கிக்கொண்டு வா.

"ஒரு காது இருந்தாப் போதும், ரெண்டு காது வேணாம்னு சொன்னாங்க. நான் பாதிதான் சொன்னேன். சியாப்பான்னு மட்டும் கேட்டேன். நீங்க பெலும்னு சொன்னதும் மிச்சத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த வயசு அப்படி. நீங்க நிமிந்து பாத்தீங்க, நான் ஓடிட்டேன்." வயர் அவள் விரலில் இறுகியிருந்தது. "மிச்சத்தச் சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க. ஒரு காதுல கேட்டுக்கிட்டு அண்ணே உசுரோட இருந்திருப்பாங்க. மாக்குக்கு இது தெரியாது. நாலு எடத்துல பொண்ணு கேட்டு வந்தாங்க. அண்ணனைத் தின்னவ எந்த வீட்டுல போயி விளக்கேத்துறதுன்னு வேணாம்னுட்டேன். ஒங்கள மட்டும் வேணாங்க முடியல. அதனால சொல்றேன்."

ராஜரத்தினம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவிட வாய் திறந்தான். உள்ளேயிருந்து காமாட்சியம்மா, "பாக்கியம், வெத்தலைக்குத் தண்ணி," என்று கூப்பிட்டாள். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வந்து சொல்லுங்க," என்று உள்ளே போனாள்.

திரும்பும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். இத்தனை வருடமும் தன் பொய்க்குத் தான் மட்டும்தான் உள்ளே எரிகிறோம் என்று நினைத்திருந்தான். எரிவதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட நினைத்திருந்தான். அந்தப் பெண் அவன் பொய்யைத் தன் குற்றமாகத் தூக்கிச் சுமந்துகொண்டு, அவன் கோப்பியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பேசாமலிருந்தால் நாளைக்கு அவள் அவனுக்குக் கிடைப்பாள். கழுத்தில் தாலியும், அதற்குக் கீழே அந்தப் பாரமும், சாகும்வரை. சொன்னால் பாரம் இறங்கும். அவளும் இறங்கிப் போய்விடுவாள்.

காலையில் அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டினபோது தெய்வானை கேட்டாள். "பலகாரமா அது? எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தியா?"

"ஆமா, ஒளிச்சுத்தான் வச்சிருந்தேன்," என்றான். "நீ வரவேணாம் அக்கா. நான் போயிட்டு வந்து சொல்றேன்."

*

இலைகள் போட்டாகிவிட்டது. சாமியறையில் ஏழு வாழை இலை, ஏழிலும் பழம், தேங்காய்ப்பால் சோறு, சம்பால். தாத்தா இலையருகில் சுருட்டு. ஏழாவது இலையருகில் கறுப்புக் கோப்பி ஒரு கிளாஸ், அதை ஒட்டி லேலோங் ஹெட்போன். தலைப்பட்டையில் புது நீலத்துணி. பாக்கியம் ராத்திரியே தைத்துவிட்டாள்.

ராஜரத்தினம் வாசல்படியைத் தாண்டாமல் நின்றான். டின் கையிலிருந்தது.

"உள்ள வாங்க. கதவு சாத்தப் போறோம்," என்றாள் பாக்கியம்.

"அதை எடுத்திடு. அது சங்கரனுது இல்ல." டின்னின் மூடியைத் திறந்தான். "இதுதான்."

கற்பூர வாசனை முதலில் வந்தது. பிறகு அவள் துணியைப் பார்த்தாள். வெளுத்துச் சாம்பலாகப் போன நீலம். கோணல் மாணலாக, கற்றுக்கொள்ளும் கை போட்ட தையல்.

"கடல்ல போட்டேன்னு சொன்னீங்க."

"போடல."

காமாட்சியம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் இருவரையும் பார்க்காமல், டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ வந்து கேட்ட அன்னைக்கு இது சரியாகி நாலு நாள் ஆயிருந்துச்சு. மேசைக்குள்ளதான் இருந்துச்சு. வயலின் கேக்கிற ஆசையில வச்சிருந்தேன். பெலும்னு சொன்னது பொய். நீ முழுசாச் சொல்லியிருந்தாலும் நான் வேற பொய் சொல்லியிருப்பேன். ஒன் மேல ஒண்ணும் இல்ல பாக்கியம். அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"பதினாலு வருஷம்," என்றாள் பாக்கியம். குரல் உயரவில்லை. "வாரா வாரம் இந்தக் கூடத்துல உக்காந்து என் கையால கோப்பி குடிச்சீங்க."

"ஆமா."

"நேத்துக் கிணத்தடியிலகூட."

"ஆமா. வாய் வரல."

அவள் டின்னை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஹெட்போனை எடுத்து இடது கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இந்தப் பக்கம்தான் செத்திருந்துச்சு. அன்னைக்கு இது கேட்டுச்சா? நெசமா?"

"கேட்டுச்சு."

"காட்டுங்க."

அவன் சைக்கிள் சாவியை எடுத்துக் கொடுத்து, எப்படிச் செய்வதென்று சொன்னான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு முனையை உதட்டில் வைத்துக்கொண்டு மறு முனையைச் சாவியில் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது. எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். வலது கிண்ணத்தை நகர்த்திவிட்டு, இடது காதை மட்டும் மூடிக்கொண்டு, மூன்றாவது முறை தொட்டாள். அவளுக்கு என்ன கேட்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஈரமான, சுத்தமான ஒரு டிக்.

அப்போதுதான் அவள் அழுதாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, பதினாலு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். தொட்டுத் தேற்ற அவனுக்கு என்ன உரிமை இருந்தது? படிக்கு வெளியிலேயே நின்றான்.

காமாட்சியம்மா குனிந்து மகளின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள்.

"என் மகன் சாமான் வீடு வந்திருக்கு. அதைப் போயி வாசல்லயே வச்சுக்கிட்டு," என்றாள். உள்ளே போய் ஏழாவது இலையருகில் இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாப்பிட வந்தவர்களை யாரும் பார்க்கக்கூடாது.

மூவரும் முற்றத்து மாமரத்தடியில் காத்திருந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் காமாட்சியம்மா இறந்தவர்கள் கதை சொல்லுவாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும், அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த வயலின் நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்ல அவனிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. "நல்லா இருந்துச்சும்மா."

"ம்," என்றாள்.

கோப்பி ஆறும் நேரம் கழிந்தபின் அவளே எழுந்துபோய்க் கதவை மூன்று தட்டுத் தட்டினாள். சாப்பிட்டவர்கள் எழுந்துகொள்ள அவகாசம் கொடுத்துத் திறந்தாள். இலைகளிலிருந்ததைக் கலந்து பங்கு வைத்தார்கள். அவனுக்கும் ஒரு தட்டு வந்தது. யார் இலையிலிருந்து எடுத்தது என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

கிளம்பும்போது பாக்கியம் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது. முகம் மட்டும், பாரம் இறக்கின சுமைக்காரி தோளைத் தேய்த்துக்கொள்ளும்போது இருக்குமே, அப்படி இருந்தது. டின் கனத்தது. உள்ளே மங்குஸ்தீன்.

"அக்காவுக்கு. ஹெட்போன் இங்கேயே இருக்கும்."

"இருக்கட்டும்."

"லேலோங்ல வாங்கினது?"

"அதுவும் இங்கேயே இருக்கட்டும். நான் கேக்கலாம்னுதான் வாங்கினேன். இனிமே முடியாது."

அவன் சைக்கிளைத் திருப்பினான். கேட்காமல் போய்விடத்தான் நினைத்தான். ஆனால் வீட்டில் ஒருத்தி வாசலில் நிற்பாள்.

"அக்கா கேப்பாங்க. என்ன சொல்றது?"

பாக்கியம் கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவன் கடை வாசலில் நின்ற மாதிரியே.

"பெலும்னு சொல்லுங்க," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தெய்வானை வாசலில்தான் நின்றாள். டின்னை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒரு மங்குஸ்தீனை உள்ளங்கையில் வைத்து நசுக்கி உடைத்தாள்.

"பழம் வந்திருக்கு. பதில்?"

"பெலும்."

"மாட்டேன்னா, பெலுமா? ஒழுங்காச் சொல்லு."

"பெலும்."

தெய்வானை ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். இந்த ஊரில் அறுபது வயதுக் கன்னிப்பெண்ணிடம் கல்யாணமாயிற்றா என்று கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டாள், பெலும் என்றுதான் சொல்லுவாள். "சரி, அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

ராஜரத்தினம் நாற்காலியிலிருந்த ரேடியோவைத் தரையில் இறக்கி வைத்தான்.

"உக்காரு அக்கா," என்றான். "ஒனக்கும் ஒண்ணு சொல்லணும்."